விரல் மேல பழி போடாதீங்க

போன வாரம் ஆபீஸ் வாட்ஸப் குழுவுல ஒரு விளம்பரம். "எலக்ட்ரிக் கிட்டார் விற்பனைக்கு. வாங்கி 4 மாசம்தான் ஆச்சு. கீறல் கிடையாது. சின்ன ஆம்ப் இலவசம். பாதி விலை." போட்டது எங்க டீம்ல டெஸ்டிங் பாக்குற தம்பி.

ஏன்டா விக்கிறேன்னு கேட்டேன்.

"நமக்கு இதெல்லாம் வராதுண்ணா. என் விரல் சின்னது. காதும் சரியில்ல போல. ட்யூன் பண்ணிட்டு வாசிச்சாலும் சி கார்டு கேவலமா கேக்குது."

நாங்க எழுதுற கோடுல ஒரு காற்புள்ளி இடம் மாறி இருந்தாலும் அஞ்சு ஸ்கிரீன்ஷாட்டோட பக் போடுற பய இவன். டேமேஜர் முன்னாடி எத்தனை தடவை மானத்தை வாங்கியிருக்கான்னு எனக்குத்தான் தெரியும். அப்பேர்ப்பட்டவன் 4 மாசமா கையில வச்சிருந்த கிட்டார் மேல ஒரு பக் கூடப் போடலை. மொத்தத்தையும் தன் விரல் மேலயும் காது மேலயும் போட்டுக்கிட்டான்.

வித்துடாதடா, ஒரு ராத்திரி குடுன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். ஸ்டீல் ஸ்கேலை வச்சு 12-வது ஃப்ரெட்டுல அளந்தேன். (ஃப்ரெட்டுன்னா கழுத்துல குறுக்கால அடிச்சிருக்கிற கம்பி. வீணைக்காரங்க மெட்டுன்னு சொல்லுவாங்க.) தடிச்ச தந்தி ஃப்ரெட்டை விட்டு மூணேகால் மில்லிமீட்டர் தூக்கிட்டு நிக்குது. 2 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். கோளாறு விரல்லயும் இல்ல, காதுலயும் இல்ல. சரிபார்க்காத பொருளை பெட்டியோட தூக்கிக் குடுத்திருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்டிங்கே பண்ணாம ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளிட்டு, புகார் வந்ததும் 'யூசர் எரர்'னு டிக்கெட்டை மூடின கதை.

இந்தப் பதிவு அதைப் பத்தின புலம்பல்தான். கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கோங்க மக்களே.

என் சொந்தக் கதை

2016. இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல்ல எவனோ ஒருத்தன் மொட்டை மாடியில கிட்டார் வாசிச்சு, அவனைச் சுத்தி ஒரு கூட்டம் உக்காந்திருந்ததைப் பாத்ததும் எனக்கும் அந்தக் கிறுக்கு வந்துச்சு. செமஸ்டர் லீவுல திண்டுக்கல் போய் அப்பாகிட்ட கேட்டேன். ஒண்ணும் பேசாம 7 ஆயிரம் எடுத்துக் குடுத்தாரு. எந்தக் கடை, எந்தப் பேருன்னு சொல்லப் போறதில்ல. அது முக்கியமும் இல்ல, ஏன்னா அன்னிக்கு எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

கடைக்காரர் பெட்டியைப் பிரிச்சாரு, துணியால துடைச்சாரு, பில்லு போட்டாரு. வாசிச்சுக் காட்டுங்கன்னு கேக்கத் தெரியலை. ஒரு வாரத்துல விரல் நுனி கிழிஞ்சுது. திரும்பப் போய்ச் சொன்னேன். சிரிச்சாரு. "ஆரம்பத்துல அப்படித்தான் தம்பி இருக்கும். விரல் காய்ச்சுப் போகணும். இதெல்லாம் தவம் மாதிரி."

அஞ்சு மாசம் தவம் இருந்தேன். எஃப் கார்டு கடைசி வரைக்கும் வரலை. அப்புறம் ஒரு ஜூனியருக்கு 2 ஆயிரத்துக்கு வித்துட்டேன். வீட்டுல தங்கச்சி ரெண்டு வருஷம் ஓட்டினா. அப்பா மட்டும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. அவர் கேக்காததுதான் இன்னிக்கும் உறுத்துது.

வேலைக்குச் சேர்ந்து அப்புறம் நண்பன் ஒருத்தன் ரூம்ல வேற கிட்டாரைத் தொட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, தந்தியை இவ்வளவு லேசா அழுத்தினாலே சத்தம் வரும்னு. அதுவும் விலை கம்மியான கிட்டார்தான். ஆனா ஒழுங்கா செட்டப் பண்ணினது.

விலை கம்மின்னா மட்டமா?

இங்கதான் நம்ம 'விஷயம் தெரிஞ்ச' அண்ணன்மாருங்க ஆஜராவாங்க. "அதான் சொல்றேன், காசு சேர்த்து நல்ல பிராண்டா வாங்கு. சீப்பா வாங்கினா இப்படித்தான்." இதையும் நான் ஒத்துக்க மாட்டேன்.

எலக்ட்ரிக் கிட்டாரோட பிறவியே தொழிற்சாலைதான். கலிஃபோர்னியா ஃபுல்லர்ட்டன்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது. 1950-ல அவர் கொண்டு வந்த மாடல்தான் மறு வருஷம் டெலிகாஸ்டர்னு பேர் வாங்குச்சு. பலகையை வெட்டி, கழுத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, கெட்டுப் போனா கழட்டி மாத்திக்கலாம்கிற டிசைன். வேகமா, மலிவா, நிறைய செய்யறதுக்குன்னே போட்ட திட்டம். 1954-ல வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படித்தான். இன்னிக்கு அதைக் கோயில் சிலை மாதிரி பேசுறோம்.

"மரம் முக்கியம் பாஸ்" னு அடுத்த அஸ்திரம் வரும். லெஸ் பால் 1940 வாக்குல நாலுக்கு நாலு பைன் கட்டையில தந்தியும் பிக்கப்பும் மாட்டி வாசிச்சாரு. பாக்க கிட்டார் மாதிரி தெரியணுமேன்னு ரெண்டு பக்கமும் ஒரு பழைய கிட்டாரோட பாதிகளை ஒட்டினாரு. முதல்ல கண்டுக்காத கிப்சன் கம்பெனியே 1952-ல அவர் பேர்ல கிட்டார் விட்டுச்சு. பிக்கப்புங்கிறது காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிய செப்புக்கம்பி. அது கேக்கறது இரும்புத் தந்தியோட ஆட்டத்தை. மரத்துக்குப் பங்கே இல்லன்னு சொல்ல வரலை. ஆனா முதல் கிட்டார் வாங்குறவன் தூக்கத்தைக் கெடுத்துக்கிற அளவுக்கு இல்ல.

இன்னொரு கூத்து. 2017 ஜனவரியில சைட்டிஸ் ஒப்பந்தப்படி ஈட்டி மர வகை எல்லாத்துக்கும் கட்டுப்பாடு வந்துச்சு. கம்பெனிங்க பலதும் விரல் பலகைக்கு வேற மரம் தேடி ஓடினாங்க. 'இந்தியன் லாரல்'னு ஒண்ணு வந்துச்சு. உடனே "ஐயய்யோ ஈட்டி இல்லையா, தரம் போச்சு" னு ஒரே ஒப்பாரி. 2019 நவம்பர்ல முடிஞ்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு குடுத்தாங்க, ஆனா ஒப்பாரி நிக்கலை. அந்த லாரல் வேற ஒண்ணும் இல்லீங்க, நம்ம ஊர்க் கருமருது! மேற்குத் தொடர்ச்சி மலையில நிக்கிற மரத்துக்கு இங்கிலீஷ் பேர் வச்சதும் நம்மாளுங்களுக்கே அது மட்டமாப் போச்சு.

பேரை வச்சு மதிப்புப் போடுறதுக்கு இதைவிட நல்ல உதாரணமும் இருக்கு. ஜப்பான் நகல்களோட போட்டி தாங்காம, 1982-ல ஃபெண்டரே ஜப்பான்ல செஞ்சு ஸ்குவையர்ங்கிற பேர்ல விலை குறைச்சு வித்துச்சு. அன்னிக்கு அது ரெண்டாந்தரம். அந்த முதல் வருஷங்கள்ல வந்த ஜே.வி. வரிசை நம்பர் கிட்டார்களை இன்னிக்குத் தேடித் தேடி நல்ல விலை குடுத்து வாங்குறாங்க. கிட்டார் மாறலை. பாக்குற கண்ணுதான் மாறுச்சு.

அப்போ விலை எங்க குறையுது? பிக்கப்புல, ட்யூனிங் சாவியில, ஸ்விட்ச்சுல கொஞ்சம் கொஞ்சம் குறையுது, உண்மைதான். ஆனா முக்கியமா குறையறது மனுஷன் கை படுற நேரத்துல. பலகையையும் கழுத்தையும் மெஷின் ஒரே மாதிரி வெட்டித் தள்ளிடும். கடைசி ஒரு மணி நேரம் ஒருத்தர் உக்காந்து ஃப்ரெட் முனையை மழுங்கடிச்சு, தந்தி உக்கார்ற காடியை ஆழப்படுத்தி, உயரம் சரி பண்ணணும் பாருங்க, அந்த மணி நேரத்தைத்தான் வெட்டுறாங்க. அப்புறம் அது கப்பல்ல, லாரியில, கடை கோடவுன்ல வெயிலும் ஈரமும் பாத்துட்டு வருது. கழுத்து வளையாம என்ன பண்ணும்? ஆக, அந்தக் கடைசி மணி நேரத்தை யாராவது போட்டே ஆகணும். தொழிற்சாலை போடலை. கடையும் போடலை. கடைசியில அந்த வேலை, கிட்டாரைத் தலைகீழாப் பிடிச்சா கூடத் தெரியாத 19 வயசுப் பையன் விரல்ல வந்து விழுது.

கடையில 10 நிமிஷம்

சும்மா திட்டிட்டுப் போனா எப்படி? வாங்கப் போறவங்களுக்கு, வாசிக்கத் தெரியலைன்னாலும் செய்யக்கூடிய சோதனைகள். ஒரு ஸ்டீல் ஸ்கேலும், போன்ல ஒரு ட்யூனர் ஆப்பும் போதும்.

1. தலைப் பக்கத்துல இருந்து கழுத்தைத் துப்பாக்கி குறி பாக்குற மாதிரி பாருங்க. முறுக்கிட்டு இருந்தா வச்சுட்டு வந்துடுங்க. அதை எந்த செட்டப்பும் சரி பண்ணாது.

2. கழுத்து ஓரத்துல உள்ளங்கையை மேல இருந்து கீழ ஓட்டுங்க. ஃப்ரெட் முனை அரம் மாதிரி கீறுச்சுன்னா குறிச்சு வச்சுக்கோங்க.

3. ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டுலயும் கடைசி ஃப்ரெட்டுலயும் ஒரே நேரத்துல அழுத்துங்க. நடுவுல, 7-வது 8-வது ஃப்ரெட்கிட்ட தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் கால் மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இருக்கணும். அதிகமா இருந்தாலோ, ஒட்டிக்கிட்டு இருந்தாலோ கழுத்துக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பியைத் திருகிச் சரி பண்ணலாம். கடைக்காரரைப் பண்ணச் சொல்லுங்க.

4. 12-வது ஃப்ரெட்டுல தந்தி உயரம். தடிச்ச தந்தி 2 மில்லிமீட்டருக்குள்ள, மெல்லிய தந்தி ஒண்ணரைக்குப் பக்கத்துல. 3-ஐத் தாண்டினா விரலுக்கு நரகம்.

5. இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. தலைக்கும் கழுத்துக்கும் நடுவுல ஆறு காடி வெட்டின சின்ன வெள்ளைக் கட்டை இருக்கும். அதுக்குப் பேர் நட். (போல்ட் நட் இல்லீங்க.) தந்தியை 3-வது ஃப்ரெட்டுல அழுத்திக்கிட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல பாருங்க. தலைமுடி அளவு இடைவெளிதான் இருக்கணும். தாராளமா இருந்தா காடி ஆழம் பத்தலைன்னு அர்த்தம். ஆரம்பத்துல கத்துக்கிற கார்டு எல்லாம் முதல் மூணு ஃப்ரெட்டுக்குள்ளதான். அங்க தந்தி உயரமா இருந்தா, அழுத்தறப்ப தந்தி கூடுதலா இழுபட்டு சுருதி ஏறிடும். எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் சி கார்டு அபஸ்வரமா கேக்கறது இதனாலதான். தம்பி காது சரியாத்தான் கேட்டிருக்கு!

6. எல்லாத் தந்தியிலயும் எல்லா ஃப்ரெட்டையும் ஒவ்வொண்ணா தட்டுங்க. 22 ஃப்ரெட்டுன்னா 132 சுரம். அஞ்சு நிமிஷம் ஆகும். கடைக்காரர் முறைப்பாரு, முறைக்கட்டும். எங்கயாவது செத்த சத்தமோ, பக்கத்து ஃப்ரெட் சத்தமோ வந்தா ஃப்ரெட் மட்டம் இல்லன்னு அர்த்தம்.

7. 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேல தந்தியை லேசாத் தொட்டு மீட்டுங்க, அப்புறம் அதே இடத்துல அழுத்தி மீட்டுங்க. ட்யூனர் ரெண்டுக்கும் ஒரே இடத்தைக் காட்டணும். அழுத்தினது ஏறினா தந்தியோட நீளத்தைக் கூட்டணும், இறங்கினா குறைக்கணும். அடியில தந்தி உக்கார்ற இடத்துல இருக்கிற ஸ்க்ரூவுல செய்யற வேலை. ஸ்க்ரூ முழுசாத் திருகியும் சரியாகலைன்னா அந்த கிட்டார் வேண்டாம்.

8. ஆம்ப்புல மாட்டி, ஸ்விட்ச்சோட ஒவ்வொரு நிலையையும் தட்டிப் பாருங்க. குமிழைத் திருகினா கரகரன்னு வருதா, ஒயர் சொருகுற இடம் ஆடுதான்னு பாருங்க.

இன்னொண்ணு. குறைஞ்ச விலையில ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி பூட்டு வச்ச ட்ரெமலோ இருக்கிறது வேண்டாம். அழகா இருக்கும், ஆனா ஒரு தந்தி மாத்தறதுக்குள்ள சந்நியாசம் வாங்கத் தோணும். பட்ஜெட்டு 20 ஆயிரம்னா மொத்தத்தையும் கிட்டார்ல கொட்டாதீங்க. ஆம்ப், ஒயர், செட்டப்புக்கு ஒதுக்கிட்டு மிச்சத்துல கிட்டார் பாருங்க. யமஹா பசிஃபிகாவோ, 2023-ல புல்லட் வரிசைக்குப் பதிலா வந்த ஸ்குவையர் சோனிக்கோ, கோர்ட்டோ, எதுவா இருந்தாலும் மேல சொன்ன எட்டையும் பாத்துட்டு எடுங்க. பேரை விட கையில இருக்கிற அந்த ஒரு பீஸ்தான் முக்கியம்.

இனி வரப்போற மறுப்புகளுக்கு

"முதல்ல அகூஸ்டிக் வாங்கி விரலை உரமேத்து, அப்புறம் எலக்ட்ரிக்." ஏன்? எலக்ட்ரிக்ல சாதாரணமா வர்ற மெல்லிய தந்தி ஒரு அங்குலத்துல ஆயிரத்துல 9 பங்கு தடிமன். அகூஸ்டிக்ல 'லைட்'னு விக்கிறதே 12. எலக்ட்ரிக் வாசிக்க ஆசைப்படுறவனை அகூஸ்டிக்ல உக்கார வைக்கிறது, பைக் ஓட்ட வந்தவனை ஆறு மாசம் லாரி ஓட்டச் சொல்ற மாதிரி.

"ஹெண்ட்ரிக்ஸ் மலிவு கிட்டார்லதான் ஆரம்பிச்சாரு. திறமை இருந்தா எதுலயும் வாசிக்கலாம்." ஆமா, 1959-ல அவரோட முதல் எலக்ட்ரிக் ஒரு சுப்ரோ ஒஸார்க். குவீன் குழுவோட பிரையன் மே 1963-ல அப்பாவோட சேர்ந்து சொந்தமா கிட்டார் செய்ய ஆரம்பிச்சாரு. கழுத்துக்கு பழைய கணப்படுப்பு மேல இருந்த மரம், ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். இதைப் படிச்சுட்டு "பாத்தியா, குப்பையிலயும் வாசிக்கலாம்" னு சொல்றவங்க ஒண்ணைக் கவனிக்கறதில்ல. அது மலிவான பொருள், ஆனா ஒவ்வொரு அங்குலமும் கை பட்டு சரி பாத்தது. அந்தக் கடைசி மணி நேரத்தை அவங்க வருஷக் கணக்குல போட்டாங்க. ஜெயிச்சவங்க கதைதான் நமக்குத் தெரியுது. மோசமான நட்டால விட்டுட்டுப் போனவன் கதையை எவனும் புத்தகம் போடலை. அவன் "எனக்கு வராது" னு சொல்லிட்டு அமைதியாப் போயிடுறான்.

"ஆன்லைன்ல வாங்கி எங்க வயித்துல அடிக்கிறீங்க, செட்டப் பண்ணிக் குடுத்தா எங்களுக்கு என்ன கட்டும்?" கடைக்காரங்க பக்கம் இருக்கிற இந்த ஒரு நியாயம் எனக்குப் புரியுது. ஆனா இணையத்தால முடியாத ஒரே காரியமும் அதுதான். அரம் பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கடையில உக்கார வச்சு, செட்டப்புக்குத் தனியா காசு கேளுங்க, நான் குடுக்கறேன். பெட்டியைப் பிரிச்சுக் குடுக்கறதுக்கு மட்டும்னா கூரியர் பையனே போதுமே?

தப்பா எடுத்துக்காதீங்க, எல்லா மலிவு கிட்டாரும் தங்கம்னு சொல்லலை. அடிப்பாகமே கோணலா பதிச்சது, சாவி நிக்காதது எல்லாம் இருக்கு. அது குப்பைதான். ஆனா குப்பையா, செட்டப் இல்லாததான்னு பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சவங்க, புதுசா வர்றவன்கிட்ட "ப்ராக்டிஸ் பண்ணு" னு மட்டும் சொல்லிட்டு நகர்றது அநியாயம். வாசிக்கத் தெரிஞ்ச பதிவர்கள் இங்க நிறையப் பேர் இருக்கீங்க. அடுத்த தடவை யாராவது "விரல் வலிக்குதுண்ணா" ன்னு வந்தா, அவன் விரலைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த நட்டைப் பாருங்க. அரை நிமிஷம்தான்.

தம்பி கிட்டார் கதைக்கு வர்றேன். பைக் மெக்கானிக் டேப்பெட் பாக்க வச்சிருப்பாரே, அந்த ஃபீலர் கேஜ் ஒண்ணு, ஒரு ஆலன் கீ. ரெண்டு மணி நேரத்துல கழுத்தும் உயரமும் சரியாச்சு. நட்டுல நான் கை வைக்கலை. ஒரு இழுப்பு அதிகமாப் போனா தந்தி கிரீச்சிடும், அப்புறம் புது நட்டுதான். ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட குடுத்தேன். புதுத் தந்தியோட சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஆச்சு. திங்கக்கிழமை தம்பி கையில குடுத்தேன். சி கார்டு பிடிச்சான். மறுபடி பிடிச்சான். ஒண்ணும் பேசலை. சாயங்காலம் வாட்ஸப் குழுவுல பாத்தா விளம்பரத்தைக் காணோம்.

நான் 2 ஆயிரத்துக்கு வித்த கிட்டார் இப்ப யார் கையில இருக்கோ தெரியலை. வாங்கின ஜூனியர் அதை வேற யாருக்கோ தள்ளியிருப்பான். அந்த நட்டுல இன்னும் யாரும் அரம் வச்சிருக்க மாட்டாங்க. எங்கயோ ஒரு ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தன் தன் விரலைத் தானே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். அவன் இதைப் படிச்சா நல்லா இருக்கும்.

டிஸ்கி: எஃப் கார்டு எனக்கு இப்ப வருது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அப்பா முன்னாடி வாசிச்சேன். "இதுக்கா அன்னிக்கு 7 ஆயிரம் குடுத்தேன்?" ன்னாரு. அவ்வ்வ்வ் :-)